இரண்டு முனையிலும் எரிக்காதே, கயல்

அன்பு மகள் கயலுக்கு,

பகலில் ஆபீஸ், ராத்திரி கோர்ஸ், எப்படிம்மா தாங்கும் என்று கேட்டால், இங்கிலீஷில் சொல்கிற மாதிரி 'மெழுகுவத்தியை இரண்டு முனையிலும் எரிக்கிறேன்பா' என்று லேசாகச் சொல்லிவிட்டாய். இத்தனை வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்த எனக்கு அது லேசாகப் படவில்லை. பிரெஞ்சிலிருந்து வந்த அந்தப் பேச்சு 1611இல் வெளியான ஓர் அகராதியிலேயே இருக்கிறது. ராப்பகலாக உழைப்பது என்ற அர்த்தமெல்லாம் பிறகு வந்தது, முதலில் சொத்தைக் கரைப்பது என்றுதான் அர்த்தம்.

ஏனென்றால் அன்றைக்கு மெழுகுவத்தி என்றால் காசு. தேன்மெழுகு பணக்காரர்களுக்கும் சர்ச்சுக்கும்தான், மற்றவர்களுக்கு ஆட்டுக்கொழுப்பிலும் மாட்டுக்கொழுப்பிலும் செய்தது. ஒரே நாற்றம், புகை, திரியை அடிக்கடி கத்தரித்துவிடாவிட்டால் கொழுப்பு வழிந்து வீணாகும். போதாக்குறைக்கு இங்கிலாந்தில் 1709இல் அதற்கு வரி வேறு போட்டார்கள், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில்கூடச் செய்யக் கூடாது, 1831இல்தான் அதை எடுத்தார்கள். ஏழைகள் கோரை மாதிரி ஒரு புல்லின் தண்டை உரித்துக் கொழுப்பில் தோய்த்துக் கொளுத்திக்கொண்டார்கள். செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் ஒயிட் நேரம் பார்த்தே எழுதிவைத்திருக்கிறார், 28½ அங்குலத் தண்டு 57 நிமிஷம் எரிந்ததாம்.

அப்படி நிமிஷக் கணக்குப் பார்த்த காலத்தில் ராத்திரி சீட்டாடினால், ஜெயிக்கிற காசு வெளிச்சத்துக்காவது காணுமா என்று பார்க்காமல் இருப்பார்களா? பட்ட பாட்டுக்குப் பலன் போதாது என்பதற்கு இங்கிலீஷில் 'இந்த ஆட்டம் மெழுகுவத்திக்குக் கட்டாது' என்பார்கள், அது அப்படி வந்ததுதான். உன் கோர்ஸையும் இந்தக் கணக்கில் போட்டுப் பார் கண்ணு, சம்பளம் எவ்வளவு கூடும், அதற்குத் தூக்கம் எவ்வளவு போகிறது என்று.

ஏலம்கூட மெழுகுவத்தி வைத்து நடந்திருக்கிறது. லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் 1662இல் டைரியில் எழுதுகிறார்: ஓர் அங்குல மெழுகுவத்தியை ஏற்றிவைத்துக் கப்பல்களை ஏலம் விட்டார்கள், அது அணைவதற்குள் கடைசியாக யார் கேட்கிறாரோ அவருக்கே கப்பல். எல்லாரும் கத்திக்கொண்டிருக்க ஒருவர் மட்டும் சரியான நொடியில் கேட்டு ஜெயித்தார். எப்படி என்று விசாரித்தால், சுடர் அணையும்போது புகை கீழே இறங்கும், அதைப் பார்த்துத்தான் கேட்பேன் என்றாராம். அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

முன்பு தலைவலி என்றாய், இப்போது சாப்பாடு இறங்கவில்லை என்கிறாய். அப்பா கண்ணுக்கு அதெல்லாம் அந்தப் புகைதான். கோர்ஸை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று நாளைக்கே கேள். கட்டிய ஃபீஸ் போனால் போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா