ஸ்பெயின்தான் என்கிறாய், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். புதன்கிழமை போனில், 2026 கால்பந்து உலகக் கோப்பை யாருக்கு என்று கேட்டதற்கு, "இந்தத் தடவை ஸ்பெயின்தான்பா, வேற பேச்சே இல்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாய். மாட்ரிட்டில் இருந்துகொண்டு வேறு எதைச் சொல்வாய்! ஆனால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஸ்பெயினை நான் குறை சொல்லவில்லை. 2024 யூரோவில், அதாவது ஐரோப்பியக் கோப்பையில், ஆடிய ஏழு ஆட்டத்தையும் ஜெயித்த அணி. இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ், ஃபைனலில் இங்கிலாந்து, ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஃபைனலுக்கு முந்தின நாள்தான் லாமின் யமாலுக்குப் பதினேழு வயது முடிந்தது. அந்தப் பையன் வலது ஓரத்தில் பந்தை வாங்கி இடது காலுக்கு மாற்றும்போதெல்லாம், நம் வியாசர்பாடி கிரவுண்டில் பன்னிரண்டு வயதில் நீ பையன்களை ஏமாற்றிக்கொண்டு போனதுதான் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

ஆனால் உலகக் கோப்பை என்று வந்தால் ஸ்பெயினுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. 2010 ஃபைனலில் இனியெஸ்டா கோல் போட்டாரே, அதற்குப் பிறகு உலகக் கோப்பையில், தோற்றால் வெளியே என்கிற நாக்-அவுட் ஆட்டம் ஒன்றுகூட அவர்கள் ஜெயிக்கவில்லை. 2014இல் முதல் சுற்றோடு ஊருக்குத் திரும்பினார்கள். 2018இல் ரஷ்யாவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேல் பாஸ் கொடுத்துவிட்டு பெனால்டியில் தோற்றார்கள். 2022இல் மொராக்கோவிடம் உதைத்த மூன்று பெனால்டியில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. பத்துப் பேர் பின்னால் நின்று அடைத்துக்கொண்டால் எப்படி உடைப்பது? அதற்கு நீ பதில் சொல்லவே இல்லை.

உன் தம்பி அர்ஜென்டினா கட்சி. 2022 கோப்பையை ஜெயித்தது அவர்கள்தான். ஆனால் ஜெயித்த கோப்பையை அடுத்த முறையும் தக்கவைத்தவர்கள் இரண்டே பேர், 1938இல் இத்தாலி, 1962இல் பிரேசில். அவர்களின் கேப்டன் மெஸ்ஸிக்கு ஜூன் 24 அன்று 39 வயது முடிகிறது. ஆனாலும் அவன் சொல்வதில் ஒன்றை என்னால் தள்ள முடியவில்லை. அமெரிக்கக் கண்டத்தில் இதுவரை நடந்த எட்டு உலகக் கோப்பைகளில் ஏழைத் தென்னமெரிக்க அணிகள்தான் ஜெயித்திருக்கின்றன. 2014இல் ஜெர்மனி மட்டும்தான் விதிவிலக்கு. இந்த முறையும் அங்கேதான் நடக்கிறது.

அந்த 2014 உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பிரேசிலும் ஜெர்மனியும் ஆடிய அரையிறுதி. அரை மணி நேரத்துக்குள் ஐந்து கோல். "டிவிய அணைச்சிடட்டுமாப்பா?" என்று நீ கேட்டாய். வேண்டாம் என்றேன். 1-7 ஆகும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். குட்டி பிரேசில் என்று பெயர் எடுத்த ஊர் நம் வியாசர்பாடி. மறுநாள் கிரவுண்டில் ஒரு பையனும் மஞ்சள் சட்டை போடவில்லை.

2002 ஃபைனலில் ஜெர்மனியை ஜெயித்த பிறகு, நாக்-அவுட்டில் ஒரு ஐரோப்பிய அணியைக்கூட பிரேசில் ஜெயித்தது கிடையாது. பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், குரோஷியா என்று ஐந்து முறையும் வெளியே அனுப்பியது ஐரோப்பாதான். 2022இல் எக்ஸ்ட்ரா டைமில் நெய்மார் கோல் போட்டும், 117ஆவது நிமிடத்தில் குரோஷியா சமன் செய்துவிட்டது. இப்போது கோச் அன்செலோட்டி, இத்தாலிக்காரர். கெட்டிக்காரர்தான். ஆனால் வேற்று நாட்டு கோச்சை வைத்து இதுவரை எந்த நாடும் கோப்பை வாங்கியதில்லை. ஜெர்மானியரான டூகலை வைத்திருக்கும் இங்கிலாந்துக்கும் இதே கதைதான்.

என் கணக்கு பிரான்ஸ். இந்த முறை 48 அணிகள். கோப்பை வாங்க ஏழு அல்ல, எட்டு ஆட்டம் ஆடவேண்டும், அதுவும் ஜூன், ஜூலை வெயிலில். முதல் பதினொரு பேர் மட்டும் போதாது, மாற்று ஆட்டக்காரர்களாக பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். 2022 ஃபைனலை எடுத்துக்கொள். அர்ஜென்டினாவிடம் இரண்டு கோல் பின்தங்கியதும் பிரான்ஸ் கோச் தெஷாம் முதல் பாதியிலேயே இரண்டு பேரை வெளியே எடுத்தார். உள்ளே வந்த கோலோ முவானி பெனால்டி வாங்கிக் கொடுத்தார். அடுத்த நிமிடமே துராம் கொடுத்த பந்தில் எம்பாப்பே இரண்டாவது கோலும் போட்டார். கடைசியில் பெனால்டியில்தான் தோற்றார்கள். அப்படிப்பட்ட பெஞ்ச் வேறு யாரிடம் இருக்கிறது, சொல்?

செனகலோடு முதல் ஆட்டம் என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. 2002இலும் அப்போதைய சாம்பியன் பிரான்ஸ் முதல் ஆட்டத்திலேயே செனகலிடம் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் வெளியேறியது.

கணக்கு பிரான்ஸ் என்றாலும், பிரேசில் ஆடும் நாளில் நான் பிரேசில்தான். ஜூன் 13 அன்று மொராக்கோவோடு ஆட்டம். உனக்கு நள்ளிரவு, எங்களுக்கு மறுநாள் விடியற்காலை. ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே போன் பண்ணு, வைக்காமல் முழுக்கப் பார்ப்போம். உன் பழைய மஞ்சள் ஜெர்சியை அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். அனுப்பி வைக்கவா?

அன்புடன்,
அப்பா