பிளஸ் டூ பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. பிள்ளைகள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். விளையாட்டிலும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமிலும் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தந்தார்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

சரி, இனி கல்லூரி. போன வருடம் பொறியியல் கலந்தாய்வு முடிந்ததும் ஒரு மாணவி அழுதுகொண்டே வந்தாள். தனக்குக் கிடைத்த கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. விருப்பப் பட்டியலை பிரவுசிங் சென்டர்காரரே போட்டிருக்கிறார். அப்பா போனில் ஓடிபி மட்டும் சொல்லியிருக்கிறார். அவள் ஆசைப்பட்ட கல்லூரி ஒன்பதாவதாக இருந்தது. இரண்டாவதாக இருந்தது கிடைத்துவிட்டது. அவளைவிடக் குறைந்த கட்-ஆஃப் மதிப்பெண் எடுத்தவர்கள் அந்த ஒன்பதாவது கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள்.

நமக்கு எவ்வளவு ஆர்வம் என்று கலந்தாய்வில் எந்தக் கல்லூரியும் கேட்பதில்லை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப், அதை வைத்துத் தரவரிசை, இடஒதுக்கீடு, அப்புறம் நீங்கள் போட்ட பட்டியல். மேலிருந்து பார்த்து, முதலில் காலியாக இருக்கும் இடத்தை ஒதுக்கிவிடுவார்கள். அதனால் பிள்ளையின் விருப்பத்தை அந்த வரிசையில்தான் காட்ட முடியும். கிடைக்காது என்று நினைத்துப் பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். அதை மேலே போட்டதால் மற்றது பறிபோகாது.

ஒரு நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையோடு கல்லூரிகளை நேரில் போய்ப் பாருங்கள். விடுதியைப் பாருங்கள், பஸ் வசதியை விசாரியுங்கள், அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள். கல்லூரிக்கு நாக் (கல்லூரி முழுமைக்குமான தரச் சான்று) இருக்கிறது என்பார்கள். உங்கள் பிள்ளை சேரப்போகும் பாடப்பிரிவுக்கு என்பிஏ (அந்தப் பாடப்பிரிவுக்குத் தனியாகத் தரும் தரச் சான்று) இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கலந்தாய்வு பாஸ்வேர்டையும் ஓடிபியையும் சொந்தக்காரராக இருந்தாலும் கொடுக்கக் கூடாது. கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட்டை நம்பி முன்பணமும் அசல் சான்றிதழும் கொடுத்துவிட்டு, பிறகு என்னிடம் வந்தால் என்னால் மீட்டுத் தர முடியாது. பள்ளி வாசலில் போன் நம்பர் வாங்க அந்த ஏஜென்ட்டுகளை இனி விடப்போவதில்லை.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை, வழி சொல்ல ஆளில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு, கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பணத்தை நினைத்து நல்ல கல்லூரியை விட்டுவிட வேண்டாம். கலந்தாய்வு முடியும்வரை நம் கம்ப்யூட்டர் லேப் திறந்திருக்கும். ஆசிரியர்கள் கூடவே உட்கார்ந்து பட்டியல் போட உதவுவார்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.

இத்தனை வருடம் எங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பியதற்கு மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்