ஸ்ட்ரைக் வாபஸ் என்று சொன்னவருக்கும், மற்ற எல்லோருக்கும்

அயனாவரத்தில் எங்கள் தெருவைச் சுற்றி இருப்பவர்களுக்கு,

அப்பாவுக்கு நேற்று 16ஆம் நாள் காரியம். வந்தவர்கள் கிளம்பியதும் அம்மா சொன்னாள்: "கொரோனா நேரத்துல உதவினவங்களுக்கு நாம ஒரு நன்றிகூட சொல்லலையேடி." அதற்குத்தான் இந்த மடல்.

அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். 2018ல் அல்சைமர், அதாவது மறதி நோய் என்றார்கள். காலை ஆறு மணிக்குத் தெருமுனை டீக்கடைக்கு நடந்து போய், ஒரு டீ குடித்து, பேப்பரைப் புரட்டிவிட்டு வருவார். படித்தது எதுவும் மனதில் நிற்காது. ஆனாலும் அந்த நடை இருந்தால்தான் அன்றைய பொழுது ஒழுங்காகப் போகும். 2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கோடு அது நின்றது. கொரோனா என்று நாளைக்கு இருபது தடவை சொன்னோம். இருபது தடவையும் புதிதாகக் கேட்டுப் பயந்தார். அப்புறம் சொல்வதையே விட்டுவிட்டோம்.

அதைவிட அவரைக் குழப்பியது மின்சார ரயில் சத்தம் இல்லாததுதான். எப்போதாவது ஒரு கூட்ஸ் மட்டும் போகும். "வண்டி ஏன் ஓடல? ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டவர், 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்துக்குள்ளேயே போய்விட்டார். ராத்திரி போலீஸ் வந்து பிடித்துப் போகும் என்று விளக்குப் போட விடமாட்டார். அம்மா வாசல் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுப்பாள்.

அப்படியும் ஜூன் மாத முழு ஊரடங்கில் ஒரு விடியற்காலை வெளியே போய்விட்டார். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற காவலர் சார், உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. மாஸ்க் இல்லாமல் வந்த கிழவரை நீங்கள் அதட்டவில்லை. நான் மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஐயா, ஸ்ட்ரைக் வாபஸ் ஆயிடுச்சு. யாரையும் பிடிக்க மாட்டாங்க. திங்கக்கிழமை டூட்டிக்கு வந்தா போதும்" என்றீர்கள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த அக்கா, பஸ் இல்லாததால் பிள்ளைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு மூன்று மாதம் எங்களோடே தங்கினார். சம்பளம் கொடுத்தோம்தான், ஆனால் அதற்குச் சம்பளம் ஈடாகாது. மருந்துக்கடைத் தம்பி, அப்பாவின் மறதிக்கான மாத்திரை டோனபெசில் கிடைக்காத வாரத்தில் எங்கெல்லாமோ தேடி வாங்கி வந்தாய்.

வீடியோவில் பார்த்த டாக்டரம்மா, அப்பாவைப் பற்றிக் கேட்டு முடித்ததும் அம்மாவிடம், "நீங்க எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" என்றீர்கள். அம்மா அழுதுவிட்டாள். நான் உட்பட யாரும் அதுவரை அவளிடம் அதைக் கேட்டதில்லை.

2021 மே மாதம் அப்பாவுக்குக் காய்ச்சலே இல்லை. திடீரென்று பேச்சு குழறி, சோற்றைத் தொடவில்லை. டெஸ்டில் கொரோனா என்று வந்தது. முதலில் போன ஆஸ்பத்திரியில், கூட ஆள் இல்லாமல் அவரால் இருக்க முடியாது என்று எவ்வளவு சொல்லியும் உள்ளே விடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த இடத்து நர்ஸ் தங்கச்சி, கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டே, போனை பாலிதீன் கவரில் போட்டு தினமும் அவர் காதில் வைத்தாய். அம்மா "சாப்பிடுங்க" என்று சொன்ன பிறகுதான் வாய் திறப்பார்.

டீக்கடை அண்ணா, கடை மூடியிருந்த நாட்களிலும் ஃபிளாஸ்க்கோடு கண்ணாடி கிளாஸையும் கொண்டு வந்தீர்கள். ஸ்டீல் டம்ளரில் கொடுத்தால் அப்பா தொடமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கிளாஸ் இரண்டு இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. ஒன்றைக் கொண்டு வந்து தருகிறேன். இன்னொன்றை அம்மா வைத்துக்கொள்ளட்டும், அண்ணா.