புராஜெக்டை மூன்றாம் பருவத்துக்கு மாற்றுங்கள்

கல்வித் தொழில்நுட்பம், பயிற்றுவிப்பு வடிவமைப்பு ஆகியவற்றில் முதுநிலைப் படிப்பு நடத்தும், நடத்தத் திட்டமிடும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

மின்பாடம் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்கள் கோரிக்கை ஒன்றே. நான்காம் பருவத்தில் வைக்கும் புராஜெக்டை மூன்றாம் பருவத்துக்குக் கொண்டுவாருங்கள். கருப்பு அட்டை போட்ட ஆய்வேட்டுக்குத் தரும் மதிப்பெண்ணை, பள்ளிப் பிள்ளைகள் படித்துப் பார்த்துத் திருத்தப்பட்ட ஒரு பாடத்துக்குத் தாருங்கள்.

இந்தக் கோரிக்கைக்குக் காரணம் பள்ளி நாட்காட்டி. நான்காம் பருவம் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. பள்ளியில் ஜனவரி என்றால் பொங்கல், பிப்ரவரி என்றால் திருப்புதல் தேர்வும் செய்முறைத் தேர்வும், மார்ச் என்றால் பொதுத்தேர்வு. அந்த நேரத்தில் எந்தத் தலைமையாசிரியர் ஒரு வகுப்பை விட்டுக்கொடுப்பார்? வேறு வழியில்லாமல் முதுநிலை மாணவர் தம் நண்பர்களுக்கே ஒரு கூகுள் படிவத்தை அனுப்பி, ‘பாடம் பயனுள்ளதாக இருந்ததா’ என்று கேட்டு, வந்த பதில்களை வட்ட வரைபடமாக்கிப் புராஜெக்டை முடிக்கிறார். பயிற்சியை மதிப்பிடும் நான்கு படிகளில் இது முதல் படியான ‘பிடித்ததா’ என்பது மட்டுமே. கற்றார்களா என்ற இரண்டாம் படியையே யாரும் தொடவில்லை.

மாற்று ஏற்பாடு இப்படி இருக்கலாம். இரண்டாம் பருவத்திலேயே தேவைப் பகுப்பாய்வை (யாருக்கு, எந்தப் பாடம், ஏன் தேவை என்று கண்டறிவதை) முடித்து அனுமதிக் கடிதங்களையும் அனுப்பிவிட வேண்டும். அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும், அது ஒரே வாரத்தில் வந்துவிடாது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அதனால் பெற்றோரின் ஒப்புதலைக் கடிதமாக வாங்கிவிட வேண்டும். பெயருக்குப் பதில் எண் கொடுத்துப் பதிவு செய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மூன்றாம் பருவத்தில் இரண்டு இடைவெளிகள் கிடைக்கின்றன. முதலாவது ஜூலை, ஆகஸ்ட், அதாவது காலாண்டுத் தேர்வுக்கு முன். இதில் மூன்று மாணவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, வடிவமைத்தவர் பக்கத்திலேயே இருந்து வாய் திறக்காமல் கவனிக்க வேண்டும். எங்கே தயங்குகிறார்கள், எந்தப் பொத்தானைத் தேடுகிறார்கள், எந்தச் சொல்லை இரண்டு முறை படிக்கிறார்கள் என்பதெல்லாம் இங்கே வெளிப்படும். பெரும்பாலான பிழைகள் இந்த மூன்று பேரிடமே அகப்பட்டுவிடும். அவற்றைத் திருத்திய பிறகு எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுவிடம் கொடுக்கலாம். இரண்டாவது இடைவெளி காலாண்டு விடுமுறை முடிந்து நவம்பர் வரை. அப்போது முப்பது நாற்பது பேர் உள்ள ஒரு முழு வகுப்பில், முன்தேர்வு பின்தேர்வோடு நடத்தலாம். நான்காம் பருவம் தரவுகளை அலசுவதற்கும் இரண்டாம் பதிப்புத் தயாரிப்பதற்கும் போதும்.

பாடத்தின் அளவைக் கட்டாயம் வரையறுத்துவிடுங்கள். ‘ஒன்பதாம் வகுப்பு அறிவியல் முழுவதும்’ என்று தலைப்புக் கொடுக்கும் மாணவர் முதல் அலகைக்கூட முடிக்க மாட்டார். ஒரு மணி நேர ஊடாட்டப் பாடத்துக்கான உழைப்பு எளிதில் நூறு மணி நேரத்தைத் தாண்டும். செய்முறையில் ஒரு கிரெடிட்டுக்கு (படிப்பின் சுமையை அளக்கும் அலகு) 30 மணி நேரம் என்ற கணக்கில் நான்கு கிரெடிட் புராஜெக்ட் என்பது 120 மணி நேரம். சோதனைக்கும் திருத்தத்துக்கும் உரிய நேரத்தைக் கழித்தால், 20 நிமிடப் பாடமும் மூன்று கற்றல் இலக்குகளும்தான் தாங்கும். இலக்கும் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘மின்தடையைப் புரிந்துகொள்வார்’ என்று எழுதினால் எதை வைத்துச் சோதிப்பது? ‘பக்க இணைப்பில் உள்ள இரண்டு மின்தடைகளின் தொகுபயன் மின்தடையைக் கணக்கிடுவார்’ என்று எழுதினால் கேள்வி தானாகவே வந்துவிடும்.

எழுத்துத் தேர்வில் ‘ஆடி (ADDIE) மாதிரியின் ஐந்து படிகளை விளக்குக’ என்று ஆண்டு தவறாமல் கேட்கிறார்கள். பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயலாக்கம், மதிப்பீடு என்பவையே அந்த ஐந்து. 1975-இல் அமெரிக்க ராணுவத்துக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான நடைமுறை அது. அதை மனப்பாடம் செய்தவருக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது பாடத்தைத் திரை திரையாகத் திட்டமிடும் அட்டவணை, எழுத வருவதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் கேட்பதோ ஸ்டோரிபோர்டைத்தான். திரை எண், திரையில் வரும் எழுத்து, குரல் உரை, காட்சிக் குறிப்பு, ஊடாட்டம், தவறான விடைக்கான பின்னூட்டம் என்று அதில் ஆறு நெடுவரிசைகள். இதில் தமிழுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. நிமிடத்துக்கு 140 சொல் என்ற ஆங்கிலக் கணக்கைத் தமிழ்க் குரல் உரைக்கு அப்படியே பயன்படுத்தினால் படிப்பவருக்கு மூச்சு வாங்கும். நம் சொற்கள் நீளமானவை. அதனால் உரக்கப் படித்து நேரம் பார்த்த பிறகே திரைகளைப் பிரிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை அப்படியே ஒட்டினால் பார்வையற்ற மாணவரின் திரைபடிப்பான் ஏதோ ஆங்கில எழுத்துகளை உளறும். யூனிகோடில் இல்லாத ஸ்டோரிபோர்டை மதிப்பீட்டுக்கே ஏற்காதீர்கள்.

வினாக்களையும் விட்டுவிடக் கூடாது. சரியான விடை எப்போதும் நீளமானதாகவே அமைவதும், ‘மேற்கண்ட அனைத்தும்’ என்பது நான்காவதாக வந்து நிற்பதும் நாம் அன்றாடம் காணும் குறைகள். வகுப்புச் சோதனை முடிந்ததும் மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 27 விழுக்காட்டினரையும் கீழே உள்ள 27 விழுக்காட்டினரையும் ஒப்பிட்டு, பாகுபடுத்தும் திறன் (மேலே உள்ளவர்களில் சரியாக விடையளித்தோரின் விகிதத்திலிருந்து கீழே உள்ளவர்களின் விகிதத்தைக் கழித்தது) 0.2-க்குக் குறைவான வினாக்களை மாற்றி எழுத வேண்டும். நாற்பது பேர் என்னும்போது இது தோராயமான கணக்குதான், ஆனாலும் ஓட்டை வினா எதுவென்று காட்டிவிடும்.

மென்பொருளைப் பற்றி ஒரு சொல். ஆய்வகம் முழுவதையும் ஒரே கட்டண மென்பொருளை நம்பி அமைக்காதீர்கள். ஆண்டுச் சந்தா நின்ற அன்றே மாணவரால் தம் மூலக் கோப்பைத் திறக்க முடியாமல் போகும். மூடில் (கற்றல் தளம்), எச்5பி (ஊடாட்டப் பயிற்சிகள்), ஆடாசிட்டி (ஒலிப்பதிவு), ஓபிஎஸ் (திரைப்பதிவு), இங்க்ஸ்கேப் (படம் வரைதல்) ஆகிய ஐந்தும் இலவசம், இந்தப் படிப்புக்குப் போதும். வெளியீட்டை, வெவ்வேறு கற்றல் தளங்களிலும் ஓடுவதற்கான பொது வடிவமான ஸ்கார்ம் (SCORM) பொதியாகவும் எடுக்கக் கற்றுக்கொடுங்கள். ஸ்கார்ம் 1.2-இல் மாணவர் விட்ட இடத்தைக் குறித்து வைக்கக் கிடைப்பது 4096 எழுத்துகள் மட்டுமே. நீளமான விடைகளை அதில் திணித்தால், அடுத்த முறை திறக்கும்போது பாடம் முதல் திரைக்கே போய் நிற்கக்கூடும்.

நூறு மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: தேவைப் பகுப்பாய்வு 15, ஸ்டோரிபோர்டு 25, இயங்கும் பாடம் 25, சோதனைப் பதிவும் திருத்தமும் 35. கடைசிப் பகுதிக்கு இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்து, எதை ஏன் மாற்றினார் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேளுங்கள். பாடம் பளபளப்பாக இருக்கிறதா என்பதற்குத் தனி மதிப்பெண் வேண்டாம்.

சேர்க்கை விதி பற்றியும் சொல்ல வேண்டும். எம்.எட். ஆக வைத்தால் பி.எட். போன்ற ஆசிரியர் பயிற்சித் தகுதி கட்டாயமாகிவிடும். பொறியியல், காட்சித் தொடர்பியல், தமிழ் இலக்கியம் படித்தவர்களும் வர வேண்டுமானால் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. என்று வையுங்கள். அதே நேரத்தில் சேரும்போதே ஓர் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் தேர்வில் கல்வித் தொழில்நுட்பத்துக்குத் தனித்தாள் கிடையாது, கல்வியியல் தாளைத்தான் எழுத வேண்டும். அதன் பத்து அலகுகளில் தொழில்நுட்பத்துக்கு உரியது ஒன்று மட்டுமே. பேராசிரியர் ஆக விரும்புவோருக்காகக் கல்வித் தத்துவம், உளவியல், சமூகவியல் அடங்கிய ஒரு விருப்பப் பாடமாவது இருக்கட்டும்.

துறையிலிருந்து ஆட்களை அழைப்பது நல்லது. ஆனால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் பதவிக்கு 15 ஆண்டு அனுபவம் வேண்டும். அவ்வளவு அனுபவமுள்ளவர்களில் பலர் நிர்வாகத்துக்குப் போய் ஸ்டோரிபோர்டை மறந்திருப்பார்கள். ஐந்தாறு ஆண்டு அனுபவமுள்ளவரைச் சொற்பொழிவுக்கு அழைப்பதை விட, பருவத்துக்கு நான்கு அரைநாள் வரவழைத்து மாணவர்களின் ஸ்டோரிபோர்டுகளில் சிவப்பு மையால் திருத்தச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் கிரெடிட் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியதில்லை. மூன்றாம் பருவத்து விருப்பப் பாடம் ஒன்றை நான்காம் பருவத்துக்குத் தள்ளினால் புராஜெக்டுக்கு இடம் கிடைத்துவிடும். கூட்டுத்தொகை மாறாததால் கல்விக் குழுவில் இதை வரிசை மாற்றமாகவே வைக்கலாம். ஜூனில் சேரும் மாணவர்களுக்கு இது பொருந்த வேண்டுமானால், சேர்க்கை அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே தீர்மானம் நிறைவேறியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மின்பாட வடிவமைப்பாளர்கள் சிலர்
சென்னை