அந்தப் பெண்களுக்குக் கதை உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வசனங்களைப் பாடலாகவே பாடி நடிக்கும் ஐரோப்பிய இசைநாடகமான ஓபராவைத் தழுவிய சோதனைத் திரைப்படங்களில் வரும் இளம்பெண்கள் எதிலும் ஒட்டாமல் உலவுகிறார்கள் என்றும், அவற்றில் கதையே இல்லை என்றும் தங்கள் நாளிதழின் கட்டுரையொன்று கூறியிருந்தது. 1987இல் வெளிவந்த 'ஆரியா' படத்தில் பிரெஞ்சு இயக்குநர் ழான்-லுக் கோதார் இயக்கிய பகுதியை முன்வைத்து அக்கருத்தை மறுக்க விரும்புகிறேன்.

பத்து இயக்குநர்கள் ஆளுக்கொரு பகுதியாக எடுத்த அப்படத்துக்குக் கோதார் தேர்ந்துகொண்டது, 1686இல் பாரிசில் அரங்கேறிய லுல்லி இசையமைத்த 'ஆர்மீட்' ஓபரா. உறங்கிக் கிடக்கும் பகைவன் ரெனோவைக் கொல்லக் கத்தியை ஓங்கும் மாயக்காரி ஆர்மீட், குத்த மனம் வராமல் அவன்மீதே காதல் கொள்கிறாள். கோதார் இக்காட்சியை ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் நிகழ்த்துகிறார். அங்கே துப்புரவு வேலை செய்யும் இரண்டு பெண்கள், பளு தூக்கும் ஆண்களைத் தொடுகிறார்கள், ஆடை களைந்து நிற்கிறார்கள், கத்தியும் ஓங்குகிறார்கள். ஒருவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரெனோவாவது உறங்கிக்கொண்டிருந்தான். இந்த ஆண்களோ விழித்திருந்தும் தங்கள் உடலைத் தவிர வேறெதையும் காணாதவர்கள் என்பதை உணர்ந்தபின், அப்பெண்களின் முகத்தில் தெரிவது விரும்பி விரும்பிச் சலித்த களைப்பு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இது நமக்குப் புதிதும் அன்று. வீதியுலா வரும் மூவேந்தர்மீது காதல் கொண்டு, அவர்களின் பார்வை தம்மீது படாமலே மெலியும் பெண்களை முத்தொள்ளாயிரம் பாடியிருக்கிறது. கைக்கிளை என்று அந்த ஒருதலைக் காதலுக்கொரு திணையையே வகுத்த மரபு நம்முடையது. இப்படத்தில் நடிப்பவர் ஒருவர், பாடும் குரல் மற்றொருவருடையது என்பதும் பின்னணிப் பாடலோடு வளர்ந்த நமக்கு வியப்பளிக்காது. ஆகவே இத்தகைய படங்கள் சென்னைப் பார்வையாளருக்கு எட்டாதவை என்று முடிவுகட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. கோதாரின் படத்துக்குப் பின்னால் நிற்கும் ஆர்மீட்டின் கதையை அவர்களுக்கு யாரும் தமிழில் சொல்வதில்லை என்பதே என் வருத்தம்.

நுங்கம்பாக்கத்தின் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற அரங்குகளிலோ, நகரின் திரைப்பட விழாக்களிலோ இவ்வகைப் படங்கள் திரையிடப்படும்போது, மூல ஓபராவின் கதைச் சுருக்கத்தையும் பாடல் வரிகளின் பொருளையும் ஒரே ஒரு தாளில் தமிழில் அச்சிட்டு வாயிலில் வழங்க அமைப்பாளர்கள் முன்வர வேண்டும். திரையிடலுக்கு முந்தைய நாள் அதைத் தங்கள் நாளிதழும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மயிலாப்பூர், சென்னை