சுறாப்புட்டுப் பக்குவம் எழுதி அனுப்பு

மெல்போர்ன்

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற விடாதே. பாப்பாவுக்கு நேற்றோடு ஏழு வாரம்.

போனில் உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். முதல் மூன்று வாரம் பால் கொடுக்கவே பெரும்பாடு பட்டேன். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. ஒரு பக்கம் பால் கட்டிக் கல்லாகி, காய்ச்சலும் வந்துவிட்டது. சொன்னால் அப்பாவை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவாய் என்று வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எதுவும் மண்டையில் ஏறவில்லை.

ஒருநாள் ராத்திரி இரண்டரை மணி. பாப்பாவும் அழ, நானும் அழ, உன் மாப்பிள்ளை எங்கோ தேடி ஒரு எண்ணைப் போட்டு போனைக் கையில் கொடுத்தார். ஆஸ்திரேலியத் தாய்ப்பால் சங்கத்தின் எண் அது. 24 மணி நேரமும் பேசலாம். எடுத்தவர் டாக்டர் இல்லை. தன் பிள்ளைக்குப் பால் கொடுத்த ஒரு அம்மா, முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, சம்பளம் வாங்காமல் பேசுகிறவர். “நீ சாப்பிட்டாயா?” என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு உன் குரல் மாதிரியே இருந்தது.

காய்ச்சலுக்கு விடிந்ததும் டாக்டரைப் பார், ஆனால் கட்டின பக்கம் கொடுப்பதை நிறுத்தாதே என்றார். பாப்பா காம்பை மட்டும் கவ்வுகிறாள், அதுதான் வலி. வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்து, சுற்றியுள்ள கருப்பும் உள்ளே போகிற மாதிரி அணைத்துக்கொள் என்றார். பால் போதுமா என்று அழுதேன். நாளைக்கு 5 டயப்பராவது நன்றாகக் கனத்தால் பயப்படாதே, குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும் என்றார். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று ஆச்சி சொல்வாளே, அதையே இந்தம்மா இங்கிலீஷில் சொன்னார்!

1964இல் இதே ஊரில் மேரி பேட்டன் என்ற அம்மா, தான் பட்ட கஷ்டத்துக்கு அப்புறம் இன்னும் ஐந்து அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்த சங்கமாம் இது. புட்டிப்பால்தான் நாகரிகம் என்றிருந்த காலம்.

எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. 2003இல் இந்த மாநிலச் சட்டசபையில் கிர்ஸ்டி மார்ஷல் என்ற உறுப்பினர், பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத பிள்ளைக்குப் பால் கொடுத்தார் என்று வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள். உறுப்பினர் அல்லாதவர் உள்ளே உட்காரக் கூடாதாம். அன்றைக்குக் கைக்குழந்தையும் அந்நியர் கணக்கு! 2017இல் லாரிசா வாட்டர்ஸ் நாட்டின் மேல்சபையில் பால் கொடுத்துக்கொண்டே பேசினார். நான் பூங்காவில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கொடுக்கிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தப் பேட்டையில் முதல் பிள்ளை பெற்றவர்களை கவுன்சில் நர்ஸ் ஒன்றாகக் கூட்டிவைத்தார். செவ்வாய்க்கிழமைதோறும் சந்திக்கிறோம். ஒரு வியட்நாம்காரி, ஒரு லெபனான்காரி, இரண்டு உள்ளூர்ப் பெண்கள், நான். ஒருத்தி பாதிக்குப் பாதி புட்டிப்பால்தான் கொடுக்கிறாள். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு அவளை டீ குடிக்கச் சொன்னார்கள். நம் தெருவிலும் அக்கா பிள்ளை பெற்றபோது பார்க்க வந்தவர்கள் கஞ்சி வைத்தார்கள், துணி துவைத்தார்கள், எல்லாம் சரி. கூடவே “பால் இல்லையா?” என்று அக்காவை எத்தனை பேர் கேட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? அவள் அன்றைக்கு அழுதது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அவளிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அப்புறம் ஒரு விஷயம். இங்கே பொரித்த மீன் கடைகளில் ‘ஃப்ளேக்’ என்று விற்பது சுறாவாம்! மாவில் முக்கி எடுத்து உருளைக்கிழங்கோடு தருகிறார்கள், பாவம். பச்சையாகவே ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். புட்டுக்குப் பக்குவம் எழுதி அனுப்பு. பூண்டு எத்தனை பல் என்று எண்ணிச் சொல், ‘கைநிறைய’ என்று எழுதாதே. செவ்வாய்க்கிழமை அவர்களுக்கும் கொண்டுபோக வேண்டும்.

உன் அன்பு மகள்