வால்வு கிராஸ்ஓவரும் ஒரு ட்வீட்டரும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் நான் வாசித்த வேலைத்திட்டத்தில் ஐந்து காரியங்கள் இருந்தன. நடந்தது ஒன்றுதான். வால்வில் (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்) ஆக்டிவ் கிராஸ்ஓவர் (ஒலியைக் கீழ்ச்சுருதி, மேல்ச்சுருதி என்று பிரிக்கும் சர்க்யூட்) கட்டுவது என்ற அந்த ஒன்றே மற்ற நான்கையும் விழுங்கிவிட்டது. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. ஐப்பசி அடைமழையில் ஒழுகினசேரிப் பக்கத்திலிருந்து யாரும் வர முடியாததால் அந்த ஒரு கூட்டம் மட்டும் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

புதிய உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சாதாரண ஸ்பீக்கர் பெட்டியில் ஆம்ப்ளிபயருக்குப் பிறகுதான் ஒலி பிரிகிறது. கீழ்ச்சுருதி காயில் வழியாகப் பெரிய ஸ்பீக்கரான ஊஃபருக்கும், மேல்ச்சுருதி கண்டன்சர் வழியாகச் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டருக்கும் போகும். ஸ்பீக்கரின் ஓம் அளவு ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் மாறுவதால் போட்ட கணக்கு அங்கே நிற்காது. காயிலும் தன் பங்குக்குக் கொஞ்சம் பவரைத் தின்னும். ஆக்டிவ் முறையில் ஆம்ப்ளிபயருக்கு முன்பே பிரித்துவிடுகிறோம். ஊஃபருக்கு ஓர் ஆம்ப்ளிபயர், ட்வீட்டருக்கு ஒன்று. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு.

சில்லறைக் காசுக்கு ஐசி (சிலிக்கான் சில்லு) கிடைக்கும்போது வால்வு எதற்கு என்று மார்த்தாண்டத்து உறுப்பினர் கேட்டார். ஐசி போதும்தான். நல்ல ஐசி இதைவிடச் சுத்தமான அளவே காட்டும். நமக்கு வால்வு பிடிக்கும், அவ்வளவுதான். மேலும், நாம் எடுத்துக்கொண்ட சாலன்-கீ என்ற பில்டர் (அதிர்வெண் பிரிக்கும்) சர்க்யூட் 1955இல், வால்வு காலத்திலேயே வந்தது. லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரண்டு பொறியாளர்கள் 1976இல் சொன்ன முறைப்படி அதையே இரண்டு படியாக அடுக்கினால் ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபெல் சரிவு கிடைக்கும். பிரியும் இடத்தில் கீழ்ச்சுருதி, மேல்ச்சுருதி இரண்டும் 6 டெசிபெல் இறங்கியிருக்கும். இரண்டும் ஒரே பேஸில் (அலைகள் ஒன்றாக ஏறி இறங்கும் நிலையில்) இருப்பதால் கூட்டினால் சமமாகிவிடும். வேறு சில முறைகளில் செய்வதுபோல ட்வீட்டர் ஒயரைத் திருப்பிப் போட வேண்டியதும் இல்லை.

கணக்குப் போட்டபோது வந்த விடை எங்களுக்கே ஆச்சரியம். 22 கிலோ ஓம் ரெசிஸ்டர், 2.2 நானோ பாரட் கண்டன்சர் என்ற இரண்டே மதிப்பில் முழு பில்டரும் முடிந்துவிட்டது. கீழ்ச்சுருதிப் படியில் ஒரு கண்டன்சர் மற்றதைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பதால் இரண்டைச் சேர்த்து பேரலல் போட்டோம். மேல்ச்சுருதிப் படியில் அதேபோல இரண்டு ரெசிஸ்டர் சீரீஸ். பிரியும் இடம் சுமார் 2,325 ஹெர்ட்ஸ். ஸ்டீரியோவுக்கு ரெசிஸ்டர் இருபது, கண்டன்சர் இருபது, ஈசிசி82 வால்வு ஐந்து. மைக் செட் வைத்திருக்கும் அண்ணாச்சி, "ஒரே சாமானா? அப்போ நானே ஈயம் வைச்சிருவேன்" என்றார். வைத்தார், ஓர் இணைப்புகூட விடவில்லை.

கண்டன்சர்தான் படுத்தியது. ஒரு சதவீதத் துல்லியம் என்று சொல்லிக் கொடுத்த கடையின் சரக்கை மீட்டரில் போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை. கூடுதலாக வாங்கி, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து இருபதைப் பொறுக்கினோம். கடையில் பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்றார்கள். மிச்சம் அலமாரியில் இருக்கிறது. ரேடியோ ரிப்பேருக்கு வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கிராஸ்ஓவர் பெட்டிக்குப் பக்கப் பலகை அயனி மரம். குளச்சல் உறுப்பினர் வீட்டில் உப்புக்காற்றில் சுவிட்ச் எல்லாம் களிம்பேறிய கதை தெரியும் என்பதால் சாக்கெட்டுகளை மட்டும் விலை பார்க்காமல் வாங்கினோம்.

அப்புறம் ஹம், அதாவது ஓயாத முனகல். முதலில் வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு ஏசி கொடுத்திருந்தோம். பெட்டி வண்டுபோல முனகியது. 12 வோல்ட் தரும் 7812 ரெகுலேட்டர் வைத்து டிசி ஆக்கினோம். வால்வின் கத்தோடு (எலக்ட்ரானை விடும் முனை) 110 வோல்ட்டில் நிற்பதால், இரண்டுக்கும் இடைவெளி குறைய ஹீட்டரையும் 60 வோல்ட் மேலே தூக்கி வைத்தோம். பாதி முனகல் போனது. மீதி எர்த் லூப், அதாவது எர்த் ஒயர்கள் வளையமாகி அதில் கரண்ட் சுற்றுவது. ஒருவர், பெயர் வேண்டாம், பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டு "பாருங்கள், அமைதி" என்றார். உள்ளே 250 வோல்ட் ஓடுகிறது. எர்த்தைக் கழற்றினால் ஹம் போகும், ஆளும் போகலாம். பின்னைத் திரும்ப மாட்டி, சிக்னல் எர்த்தை சேஸிஸில் ஒரே இடத்தில் சேர்த்ததும் அடங்கியது. சுவிட்சை அணைத்தாலும் இரண்டு நிமிடம் உள்ளே கை வைக்கக் கூடாது என்று மூடிமேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இனி என் தவறு. ஆடிக்காற்று அடித்த ஒரு சாயங்காலம், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. நான் எதையும் அணைக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வந்தது. ஆம்ப்ளிபயர் உடனே விழித்துவிட்டது. வால்வு சூடாகப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். அந்த நேரத்தில் கத்தோடு சுழியத்திலிருந்து 110 வோல்ட்டுக்கு ஏற, அந்த ஏற்றம் டிசியைத் தடுக்க வைத்த கப்ளிங் கண்டன்சரைத் தாண்டி ஆம்ப்ளிபயருக்குள் போனது. 'தொம்' என்று ஒரே சத்தம். இடப்பக்க ட்வீட்டர் அதன்பின் பேசவில்லை. ஆக்டிவ் முறையில் ட்வீட்டருக்கு முன்னால் காவலுக்குக் கண்டன்சர் கிடையாது என்பதை எல்லோருக்கும் வகுப்பெடுத்தவனே நான்தான். இப்போது 33 மைக்ரோ பாரட் ஒன்று காவலுக்கு நிற்கிறது. முதல் ஒரு நிமிடம் வெளியீட்டை எர்த்தில் பிடித்து வைக்கும் ரிலேயும் போட்டாகிவிட்டது.

இரவல் ட்வீட்டர் வைத்துக் கார்த்திகையில் கேட்டோம். தவில் போட்டோம். முன்பு வலந்தலை (தவிலின் வலப்பக்கம்) ஒரு மூலையிலும் தொப்பி (இடப்பக்கம்) ஒரு மூலையிலும் இரண்டு ஆள் வாசிப்பதுபோல இருக்கும். இப்போது ஒரே தவில், ஒரே ஆள். கல்லூரி மாணவர் மட்டும் லேப்டாப்பில் அளந்து, பிரியும் இடத்தில் ஒரு டெசிபெல்லுக்குச் சற்று மேல் பள்ளம் இருக்கிறது என்றார். உண்மைதான். கத்தோடு பாலோவரின் (கத்தோடிலிருந்து சிக்னலை எடுக்கும் வால்வுப் படியின்) கெயின், அதாவது பெருக்கம், ஒன்று அல்ல, சுமார் 0.93, அதனால் 0.707 வர வேண்டிய க்யூ (பில்டர் வளைவின் கூர்மை) 0.66இல் நிற்கிறது. திருத்தலாமா என்று கேட்டதற்கு, எங்கள் வயதுக் காதுக்கு அந்தப் பள்ளத்தில் விழ வாய்ப்பில்லை என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். மாணவர் சமாதானமாகவில்லை, அடுத்த ஆண்டு அவர் பொறுப்பில் விடலாம்.

பொதுக்குழு முடிவு செய்ய ஒரு தீர்மானம். போன ட்வீட்டர் ஓர் உறுப்பினருடையது. அவர் வாய் திறந்து கேட்கவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். பாதி என் கையிலிருந்து, மீதி சங்க நிதியிலிருந்து என்று முன்மொழிகிறேன். கண்டன்சர் அளந்த மீட்டரை யார் கொண்டுபோனார்களோ, அவர்கள் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வரவும்.